அனுமதிகள் திறந்து வைத்த வழிகள்: பிளட்ஹவுண்ட் சமூகப் பதிப்பும் அதன் ஆவணங்களும்

அக்டிவ் டிரெக்டரியைக் கொண்டு தன் கணினிகளை நிருவகிக்கும் எந்த அலுவலகமும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், யாருக்கு எதன்மீது உரிமை உண்டு என்பதைப் படமாக வரைந்து காட்டும் பிளட்ஹவுண்ட் சமூகப் பதிப்பைத் தன் வலையமைப்பின்மீது ஒருமுறையாவது இயக்கிப் பார்க்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு, வவுனியா ஆகிய இடங்களில் சில நிறுவனங்களின் வலையமைப்புகளைப் பராமரிப்பது என் தொழில். அந்தத் தொழிலில் இந்தக் கருவியை நீண்ட காலமாகப் பயன்படுத்தியும், இதனைக் கையாளப் போகும் இளைய தொழினுட்பவியலாளர்களுக்காகத் தமிழில் வழிகாட்டிக் குறிப்புகள் எழுதியும் வருவதால், கருவியையும் அதனுடன் வரும் ஆவணங்களையும் சேர்த்தே இங்கு மதிப்பிடுகிறேன். கருவி வரைந்து தரும் படம் மிகச் சிறந்தது. அந்தப் படத்தை விளக்கும் ஆவணங்கள் பெரும்பாலும் நல்லவை. பாதுகாப்பவர் பக்கத்தில் மட்டும் அவை மெலிந்து போகின்றன. படத்தில் தெரியும் ஓர் உரிமை எதற்காக, யாரால், எப்போது வழங்கப்பட்டது என்பதை எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. அதனை நிறுவனமே எழுதி வைத்திருக்க வேண்டும். நான் அதிகம் வலியுறுத்த விரும்புவதும் அதனையே.

இந்தக் கருவி எதைச் செய்கிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். விண்டோஸ் 2000 உடன் வந்த அக்டிவ் டிரெக்டரி, ஒரு நிறுவனத்தின் பயனர் கணக்குகள், கணினிகள், குழுக்கள் ஆகியவற்றையும், அவற்றுள் எது எதன்மீது என்ன செய்யலாம் என்ற அனுமதிகளையும் ஓரிடத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. ஒரு பட்டியலை மட்டும் திறந்து பார்த்தால் அதில் தவறாக எதுவும் தெரியாது. ஒரு கணக்குக்கு இன்னொரு கணக்கின் கடவுச்சொல்லை மாற்றும் உரிமையும், அந்த இன்னொரு கணக்குக்கு ஒரு சேர்வரில் நிருவாகி உரிமையும், அந்தச் சேர்வரில், டொமைன் எனப்படும் முழு வலையமைப்பையும் ஆளும் டொமைன் நிருவாகி ஒருவரின் திறந்த அமர்வும் (உள்நுழைந்து இன்னும் வெளியேறாத நிலை) இருக்கும்போது, மூன்றும் சேர்ந்து ஒரு வழியாகிவிடுகின்றன. வீதிப் பக்கக் கேற் பூட்டியிருக்க, பின்வேலிப் பொட்டுக்களுக்குள்ளால் வளவுக்கு வளவு நடந்து உள்வீட்டுக்கே வந்து சேர்வதைப் போன்றது இது. பிளட்ஹவுண்ட் அந்தப் பொட்டுக்கள் அனைத்தையும் ஒரே படத்தில் இணைத்துக் காட்டுகிறது.

அன்டி ரொபின்ஸ், ரோஹன் வசார்க்கர், வில் ஷ்ரோடர் ஆகிய மூவரும் 2016 ஓகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கொன் 24 மாநாட்டில் இதனை வெளியிட்டார்கள். கணக்குகளையும் கணினிகளையும் புள்ளிகளாகவும், உரிமைகளை அம்புக்குறி இட்ட கோடுகளாகவும் கொண்டு, கோட்டுருவியல் முறையில் இரு புள்ளிகளுக்கிடையிலான மிகக் குறுகிய வழியைக் கணிப்பதே இதன் அடிப்படை. ஸ்பெக்டர் ஒப்ஸ் நிறுவனம் இப்போது இதனைப் பராமரிக்கிறது. 2023 ஓகஸ்டில் முழுமையாக மாற்றி எழுதப்பட்டு, சமூகப் பதிப்பு என்ற பெயரில் அபாச்சி 2.0 உரிமத்தின் கீழ் இலவசமாக வெளிவந்தது. அந்தப் பதிப்பையே நான் இங்கு மதிப்பிடுகிறேன்.

வன்னியில் இயங்கும் நிறுவனங்களுக்கு இக்கருவி ஏன் குறிப்பாகத் தேவைப்படுகிறது என்பதற்கு எங்கள் நிறுவனங்களின் வரலாறே காரணம். 2009க்குப் பின்னர் மீள்குடியேற்றம், வீடமைப்பு, கண்ணிவெடி அகற்றல், வாழ்வாதாரம் என்று பல திட்டங்கள் இங்கு வந்தன. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒப்பந்த அடிப்படையில் ஆட்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்காகக் கணக்குகளும் குழுக்களும் திறக்கப்பட்டன. கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர்களுக்கு அவசரத்தில் முழு உரிமை வழங்கப்பட்டது. திட்டம் முடிந்து வாடகைக் கட்டடம் கைவிடப்பட்டபோது மேசை கதிரைகள் கணக்கெடுக்கப்பட்டன, கணக்குகள் கணக்கெடுக்கப்படவில்லை. நிரந்தர அலுவலகங்களிலும் நிலைமை பெரிதும் வேறுபடவில்லை. வருடாந்த இடமாற்றத்தில் ஓர் உத்தியோகத்தர் பொறுப்பைக் கையளிக்கும்போது சாவிக்கொத்து, கோவைகள், இருப்புப் பதிவேடு எல்லாவற்றுக்கும் கையொப்பம் வாங்குகிறார்கள்; கணினியில் அவருக்கு இருந்த உரிமைகள் கையளிப்புப் பட்டியலில் வருவதில்லை. "அந்தப் பிள்ளை மாற்றம் எடுத்து மன்னாருக்குப் போய்க் கனகாலம், தம்பி" என்று அலுவலகத்தில் சொல்லப்படும் ஒருவருடைய கணக்கு, இன்றும் கணக்குப் பிரிவின் கோப்புகளையும் இரண்டு சேர்வர்களையும் திறக்கக் கூடியதாக இருப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

இத்தகைய மிச்ச உரிமைகள் சிறு அலுவலகத்துக்கு என்ன தீங்கு செய்துவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்கும் ரான்சம்வெயார் கும்பல்கள் ஒரு சாதாரணக் கணக்கினூடாக உள்ளே வந்ததும் தேடுவது டொமைன் நிருவாகி உரிமையை அடையும் வழியைத்தான், ஏனெனில் அந்த உரிமை கிடைத்தால் எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் முடக்கலாம். காப்புப் பிரதிகளையும் அழிக்கலாம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை இத்தகைய ஒரு தாக்குதலுக்கு உள்ளாகி, சில மாதங்களுக்குரிய தரவுகள் மீட்க முடியாமற் போனதை இத்துறையில் உள்ள எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தாக்குபவர்களும் இதே பிளட்ஹவுண்டைப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் பார்க்கும் படத்தை நாங்கள் முதலில் பார்த்துவிட வேண்டும்.

நிறுவும் வேலை பழைய பதிப்பை விட எளிதாகியுள்ளது. முன்பு நியோ4ஜே தரவுத்தளத்தைத் தனியாக நிறுவி, ஜாவாவின் பதிப்புச் சிக்கல்களைத் தீர்த்து, பின்னர் செயலியை அதனுடன் இணைக்க வேண்டியிருந்தது. இப்போது, செயலிகளை அவற்றுக்குத் தேவையானவற்றுடன் கொள்கலன்களாகக் கட்டி இயக்கும் டொக்கர் இருந்தால் போதும். செயலியும், போஸ்ட்கிரெஸ், நியோ4ஜே ஆகிய இரு தரவுத்தளங்களும் தனித்தனிக் கொள்கலன்களாக எழும்பி, உலாவியில் 8080 துறையில் உள்நுழைவுப் பக்கம் திறக்கும். முதல் உள்நுழைவுக்கான கடவுச்சொல் நிறுவும்போது ஓடும் பதிவு வரிகளில் அச்சாகிறது. அது திரையில் வேகமாக மேலே போய்விடுவதால், புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ஆவணம் இதனைச் சொல்கிறது. இன்னும் தடித்த எழுத்தில் சொல்லியிருக்கலாம். சிறிய வலையமைப்புக்கு 4 ஜிகாபைட் நினைவகம் போதும் என்கிறார்கள். அந்த அளவில் கருவி இயங்கத்தான் செய்கிறது, எனினும் 8 ஜிகாபைட் உள்ள கணினியையே நான் பரிந்துரைப்பேன்.

எங்கள் பகுதிக்குரிய ஒரு சிரமம் டொக்கர் படிமங்களின் (கொள்கலன்களை எழுப்பும் கோப்புகளின்) அளவு. ஒட்டுசுட்டான் பக்கத்திலோ புதுக்குடியிருப்பிலோ கைத்தொலைபேசி இணைப்பை நம்பி அவற்றை இறக்கத் தொடங்கினால் டேட்டாவும் நேரமும் வீணாகும். நல்ல இணைப்பு உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கி, டொக்கரின் சேவ் கட்டளையால் கோப்பாக்கிப் பென் டிரைவில் எடுத்துச் சென்று, அங்கே லோட் கட்டளையால் ஏற்றிக்கொள்ளலாம். அதன் பின்னர் இணையம் இல்லாமலே கருவி முழுமையாக இயங்குகிறது. மின்வெட்டு வந்தாலும் மடிக்கணினியில் வேலை தொடரும். பாதுகாப்பு நோக்கிலும் இதுவே சரியான முறை என்பதால், ஒரு நிறுவனத்தின் அனுமதிப் படத்தை இணையத்துடன் இணைந்த பொதுச் சேர்வர் எதிலும் வைக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

தரவைச் சேகரிப்பது ஷார்ப்ஹவுண்ட் என்ற தனி நிரல். டொமைனில் உள்ள ஒரு விண்டோஸ் கணினியில் அதனை இயக்கினால், அக்டிவ் டிரெக்டரியிலிருந்து குழுக்கள், அனுமதிகள், டொமைன்களுக்கிடையிலான நம்பிக்கை உறவுகள் முதலியவற்றையும், ஒவ்வொரு கணினியிலிருந்தும் அமர்வுகளையும் உள்ளக நிருவாகிகளையும் வாசித்து, ஒரு சிப் கோப்பாகத் தருகிறது. இதில் பலரை அதிரவைக்கும் உண்மை, டிரெக்டரியில் உள்ளவற்றின் பெரும்பகுதியை வாசிக்க எந்தச் சிறப்பு உரிமையும் தேவையில்லை என்பதுதான். இயல்பான அமைப்பில், டொமைனில் கணக்குள்ள எவரும், நேற்றுச் சேர்ந்த பயிலுநர் உட்பட, அவற்றை வாசிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கணினியின் உள்ளக நிருவாகிகளையும் தொலைவிலிருந்து கேட்டறிவது அப்படி அல்ல. விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்தும் சேர்வர் 2016இலிருந்தும் அதற்கு அக்கணினியில் நிருவாகி உரிமை வேண்டும். ஆகவே சாதாரணக் கணக்கில் சேகரித்த தரவில் ஒரு பகுதி வெறுமையாகவே இருக்கும். படத்தில் கோடு இல்லை என்பதால் வழி இல்லை என்று முடிவு செய்வது இந்தக் கருவியைப் பயன்படுத்துவோர் விழக்கூடிய மிகப் பெரிய பொறி. எந்தக் கணக்கால், எந்தச் சேகரிப்பு முறையால், எந்த நேரத்தில் தரவு எடுக்கப்பட்டது என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதும்படி நான் கேட்டுக்கொள்வது இதனால்தான். அமர்வுகள் மணிக்கு மணி மாறுவன. சனிக்கிழமை மாலையில் எடுத்த தரவும் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு எடுத்த தரவும் ஒரே படத்தைத் தரமாட்டா.

ஷார்ப்ஹவுண்டைக் கண்டதும் விண்டோஸ் டிஃபெண்டர் அதனைத் தீம்பொருள் என்று தடுத்துவிடும். தடுக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஒரு குறிப்பிட்ட கணினியில், ஒரு குறிப்பிட்ட அடைவுக்கு மட்டும், பொறுப்பாளரின் எழுத்துமூல அனுமதியுடன் தற்காலிக விலக்கு அளித்து, வேலை முடிந்ததும் அந்த விலக்கை நீக்கிவிட வேண்டும்.

இனிக் கருவியின் உயிரான படத்துக்கு வருகிறேன். அமைப்புப் பெயர்களை மாற்றி, நான் மீண்டும் மீண்டும் கண்ட ஒரு வடிவத்தையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். தலைமை அலுவலகம் கிளிநொச்சியிலும் கிளைகள் மாங்குளத்திலும் முல்லைத்தீவிலும் உள்ள ஒரு நிறுவனத்தில், கிளை ஊழியர்கள் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மீளமைத்துக் கொடுப்பதற்காக உதவி மேசைக் குழு ஒன்று இருக்கிறது. அந்தக் குழுவுக்குக் கிளைகளின் கணக்குகள் உள்ள பிரிவின்மீது, கடவுச்சொல் மீளமைக்கும் உரிமையை மட்டும் தராமல், எவரோ ஒருவர் முழுக் கட்டுப்பாட்டையும் கொடுத்துவிட்டார். காப்புப் பிரதி எடுக்கும் சேவைக் கணக்கும் அதே பிரிவில் உருவாக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கு காப்புச் சேர்வரில் உள்ளக நிருவாகி. டொமைன் நிருவாகி அந்தச் சேர்வருக்குத் தொலைத்திரை மூலம் நுழைந்து வேலை பார்த்துவிட்டு, வெளியேறாமல் சாளரத்தை மட்டும் மூடிவிட்டுப் போகிறார். அவரது அமர்வு அங்கேயே உயிருடன் இருக்கிறது.

பிளட்ஹவுண்டில் தொடக்கப் புள்ளியாக உதவி மேசையில் இருக்கும் பயிலுநரின் கணக்கையும், முடிவுப் புள்ளியாக டொமைன் நிருவாகிகளின் குழுவான டொமைன் அட்மின்ஸையும் கொடுத்து வழியைத் தேடச் சொன்னால், ஐந்து அம்புகளில் விடை வந்துவிடுகிறது. பயிலுநரிலிருந்து குழுவுக்கு மெம்பர் ஓஃப் (உறுப்பினர்). குழுவிலிருந்து சேவைக் கணக்குக்கு ஜெனரிக் ஆல் (முழுக் கட்டுப்பாடு). அங்கிருந்து காப்புச் சேர்வருக்கு அட்மின் டூ (நிருவாகி உரிமை). சேர்வரிலிருந்து நிருவாகியின் கணக்குக்கு ஹாஸ் செஷன் (திறந்த அமர்வு; சேர்வரை ஆள்பவர் அதனைக் கைப்பற்றலாம்). அதிலிருந்து டொமைன் அட்மின்ஸுக்கு மீண்டும் மெம்பர் ஓஃப். இவற்றுள் ஒவ்வொன்றையும் தனித்துப் பார்த்தால் அலுவலக வழமை போலவே தோன்றும். நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு நீண்ட அறிக்கை எழுதி விளங்கவைக்க முடியாததை இந்த ஒரு படத்தைத் திரையில் காட்டி விளங்கவைக்க முடிகிறது. கணினித் துறையைச் சாராத முகாமையாளர்கள்கூட அம்புகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்து, "அப்ப இந்தப் பிள்ளை நினைச்சால் எல்லாத்தையும் திறக்கலாமோ" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்வி பிறந்தவுடனேயே எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடுகிறது.

இந்த எடுத்துக்காட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. டொமைன் அட்மின்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட குழுக்களின் உறுப்பினர்களுக்கு, மேற்பிரிவிலிருந்து வரும் அனுமதிகளை வெட்டி, தனியான ஓர் அனுமதிப் பட்டியலை 60 நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் பூசும் பொறிமுறை அக்டிவ் டிரெக்டரியில் இருக்கிறது. ஆகையால் உதவி மேசைக் குழுவால் டொமைன் நிருவாகியின் கடவுச்சொல்லை நேரடியாக மாற்ற முடியாது. பல நிருவாகிகள் இதனை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். சேவைக் கணக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும், சேர்வர் ஒன்றைச் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்துவிடலாம் என்பதையும் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். இதனைக் கண்முன் கொண்டுவருவதற்காகவே இந்தக் கருவிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

திருத்தம் செய்யும்போதும் படம் உதவுகிறது. முழுக் கட்டுப்பாட்டை நீக்கி, கடவுச்சொல் மீளமைக்கும் உரிமையை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். அது போதாது. சேவைக் கணக்கு அதே பிரிவில் இருக்கும் வரையில் அதன் கடவுச்சொல்லையும் உதவி மேசையால் மாற்ற முடியும். ஜெனரிக் ஆல் என்ற அம்பு போய் ஃபோர்ஸ் சேஞ்ச் பாஸ்வேர்ட் என்ற அம்பு வரும், வழி அப்படியே இருக்கும். சேவைக் கணக்கை வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும். நிருவாகி சாதாரணச் சேர்வர்களுக்குத் தனது டொமைன் நிருவாகிக் கணக்கால் நுழைவதை நிறுத்தி, வேறு கணக்கைப் பயன்படுத்த வேண்டும். திருத்திய பின்னர் தரவை மீண்டும் சேகரித்து, அதே வழியைத் தேடி, வழி இல்லை என்று கருவி சொல்லும் வரையில் வேலை முடியவில்லை என்று கொள்ள வேண்டும். அனுமதிகளைத் திருத்தப் போகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: அக்டிவ் டிரெக்டரியின் யூசர்ஸ் அண்ட் கம்பியூட்டர்ஸ் கருவியில் அட்வான்ஸ்ட் ஃபீச்சர்ஸ் என்பதைத் தெரிவு செய்தாலொழியப் பாதுகாப்புத் தாவல் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது ஆவணங்கள். ஒவ்வொரு வகை அம்புக்கும் ஒரு விளக்கம் எழுதப்பட்டிருப்பது இத்திட்டத்தின் பெரிய பலம். படத்தில் உள்ள அம்பைச் சொடுக்கினால் பக்கப் பலகையில் அதன் பொதுப் பொருளும், விண்டோஸிலிருந்தும் லினக்ஸிலிருந்தும் அது எவ்வாறு துர்ப்பயன்படுத்தப்படலாம் என்பதும், அவ்வாறு செய்தால் எத்தகைய தடயங்கள் விழும் என்பதும், மேலும் வாசிப்பதற்கான இணைப்புகளும் தோன்றுகின்றன. பொதுப் பொருள் படத்தில் உள்ள கணக்கின் பெயரையே வைத்து வாக்கியமாக எழுதப்பட்டு வருவதால், படிப்பவர் எது எதன்மீது என்று குழம்ப வேண்டியதில்லை. இந்த விளக்கங்கள் கருவிக்குள்ளேயே இருப்பதனால் இணையம் இல்லாத இடத்திலும் கிடைக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் பாதுகாப்புக் கருவிகளில் இவ்வளவு பொறுப்புடன் எழுதப்பட்ட ஆவணங்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

எனினும் அவை தாக்குபவரின் கண்ணால் எழுதப்பட்டவை. ஓர் உரிமையை எவ்வாறு பயன்படுத்தி மேலே ஏறலாம் என்பது படிப்படியாக விளக்கப்பட்டிருக்கும் அளவுக்கு, அந்த உரிமையை எவ்வாறு நீக்கலாம், நீக்கினால் எந்த வேலை நின்றுபோகக்கூடும், நீக்குவதற்கு முன்னர் யாரிடம் கேட்க வேண்டும் என்பவை விளக்கப்படவில்லை. திருத்த வழிகாட்டலும் தொடர்ச்சியான கண்காணிப்பும் ஸ்பெக்டர் ஒப்ஸ் பணத்துக்கு விற்கும் நிறுவனப் பதிப்பில்தான் முழுமையாகக் கிடைக்கின்றன. அவர்களுடைய வணிகம் அது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் பத்து அம்புகளுக்காவது திருத்தும் படிகளைச் சமூகப் பதிப்பிலும் சேர்த்தால், பாதுகாப்புக்கென்று தனியாக ஆள் வைக்க முடியாத எங்கள் போன்ற இடங்களுக்கு அது எவ்வளவோ உதவும். இருப்பதைக் கொண்டும் ஓரளவு சமாளிக்கலாம். தடயங்கள் பற்றிய பகுதியைப் பாதுகாப்பவரின் கண்ணால் மறுதலையாக வாசித்தால், எதனைக் கண்காணிக்க வேண்டும் என்பது தெரியவரும். எடுத்துக்காட்டாக, ஒருவரின் கடவுச்சொல்லை இன்னொருவர் மீளமைத்தால் அக்டிவ் டிரெக்டரி இயங்கும் சேர்வரான டொமைன் கன்ட்ரோலரின் பாதுகாப்புப் பதிவில் 4724 என்ற நிகழ்வு விழும். சேவைக் கணக்குக்கு அந்த நிகழ்வு விழுந்தால் உடனே மின்னஞ்சல் வருமாறு அமைத்துவிட்டால், வழி முழுதாக அடைபடும் வரையில் அது ஒரு காவலாக இருக்கும்.

தேடுபொறியில் தேடுவோர் இன்னொரு சிக்கலையும் சந்திப்பார்கள். பழைய பதிப்புக்கு எழுதப்பட்ட ஆவணங்களும் பயிற்சிக் கட்டுரைகளும் இன்னும் முன்னணியில் வருகின்றன. அவற்றில் உள்ள நிறுவும் முறை இப்போது பொருந்தாது. பழைய சேகரிப்பியின் கோப்புகளும் புதிய பதிப்புக்குப் பொருந்துவதில்லை. சேகரிப்பியை வேறெங்கும் தேடாமல், சமூகப் பதிப்பின் திரையிலேயே இருக்கும் பதிவிறக்கப் பக்கத்திலிருந்து எடுப்பதே பாதுகாப்பானது. தேடல்களுக்கான சைஃபர் மொழி பற்றிய பகுதி நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், முதலில் அதனைக் கற்க வேண்டிய அவசியமில்லை. முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட தேடல்களே தொடக்கத்துக்குப் போதும்.

அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திலும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் தகவல் தொழினுட்பம் கற்கும் பிள்ளைகள் எங்கள் பகுதியிலேயே இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஆங்கில ஆவணத்தை வாசிக்கக் கூடியவர்களே. ஆயினும் ஒரு கிளை முகாமையாளரிடம் போய் ஓர் உரிமையை ஏன் நீக்குகிறோம் என்று விளக்க வேண்டியவர்களும் அவர்களே என்பதால், நான் எழுதும் குறிப்புகள் தமிழில் இருக்கின்றன. ஒவ்வொரு அம்புக்கும் ஒரு பக்கம் என்ற அளவில், அந்த உரிமை அலுவலகத்தில் வழமையாக எப்படி வந்து சேர்கிறது என்பதில் தொடங்கி, அதனை எங்கே சென்று பார்ப்பது, நீக்கினால் என்ன நிற்கும், நீக்கியதை எப்படி உறுதிசெய்வது என்று முடிக்கிறேன். மூல ஆவணத்தில் விடுபட்ட வரிசை இதுவே.

அதனிலும் முக்கியமானது நிறுவனமே வைத்திருக்க வேண்டிய அனுமதிப் பதிவேடு. யாருக்கு, எதன்மீது, என்ன உரிமை, எந்த வேலைக்காக, யாருடைய ஒப்புதலுடன், எந்தத் திகதி வரையில் என்ற விபரங்கள் அதில் இருக்க வேண்டும். சாதாரண விரிதாளோ, கோடு போட்ட பெரிய கொப்பியோ போதும். பிளட்ஹவுண்ட் ஒரு வழியைக் காட்டும்போது முதலில் எழும் கேள்வி, இந்த உரிமை தேவையானதா, மிஞ்சியதா என்பதுதான். பதிவேடு இருந்தால் அந்தக் கேள்விக்குச் சில நிமிடங்களில் விடை கிடைக்கும். இல்லாவிட்டால், உரிமையைக் கொடுத்த ஆலோசகர் நாட்டிலேயே இல்லாத நிலையில், நீக்கவும் பயந்து வைத்திருக்கவும் பயந்து அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். கணினியை டொமைனில் சேர்ப்பது போன்ற சிறு வேலையும் பதிவேட்டுக்கு வர வேண்டும், ஏனெனில் அதற்கான உரிமை ஒப்படைக்கப்பட்ட கணக்கு ஒன்றினால் சேர்க்கப்படும் கணினிக்கு அந்தக் கணக்கே உரிமையாளராகிறது. உரிமையாளர் அதன் அனுமதிகளைத் தாமே மாற்றிக்கொள்ளலாம். இடமாற்றம் பெறும் தொழினுட்பவியலாளரின் பெயரிலிருந்து முப்பது நாற்பது கணினிகளுக்கு ஓன்ஸ் என்ற அம்புகள் புறப்படுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மாற்றாகப் பேசப்படும் பிங் காஸில் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வின்சன்ட் லு டூ உருவாக்கி, 2024இல் நெட்ரிக்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறிய இக்கருவி, ஒரே கோப்பாக இயங்கி, 0 முதல் 100 வரையான அபாயப் புள்ளியுடன் அறிக்கை தருகிறது. புள்ளி குறைவாக இருப்பதே நல்லது. டொக்கர் வேண்டாம், நேரமும் எடுக்காது, திருத்தும் வழியும் ஒவ்வொரு விடயத்துக்கும் எழுதப்பட்டிருக்கிறது. தன் சொந்த வலையமைப்பைப் பார்க்கும் நிருவாகிக்கு முதற்கட்டமாக அதனையே சொல்வேன். கட்டணம் பெற்றுப் பிறருடைய வலையமைப்பைப் பரிசோதிப்பவர்கள் அதற்கு வணிக உரிமம் வாங்க வேண்டும். பிளட்ஹவுண்டின் அபாச்சி உரிமத்தில் அந்தத் தடை இல்லை. ஆனால் புள்ளியும் பட்டியலும் வழியைக் காட்ட மாட்டா. மேலே சொன்ன ஐந்து அம்புகளின் கதையை எனக்குப் பிளட்ஹவுண்டே தந்திருக்கிறது.

சட்டத்தையும் மனதிற்கொள்ள வேண்டும். அனுமதியின்றிக் கணினியொன்றை அணுகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ்த் தண்டனைக்குரியது. வாய்மொழி அனுமதி போதாது. நிறுவனத் தலைவரின் கையொப்பத்துடன், எந்த டொமைன், எந்தத் திகதிகள், யார் இயக்குவார் என்பன குறிப்பிடப்பட்ட கடிதம் கோவையில் இருக்க வேண்டும். சேகரித்த சிப் கோப்பில் ஊழியர்களின் பெயர்களும் அவர்கள் எந்தக் கணினியில் இருந்தார்கள் என்பதும் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுவிட்ட காலத்தில் அதனை வட்ஸ்அப்பில் அனுப்புவதோ கூகிள் டிரைவில் போட்டு வைப்பதோ பொறுப்பற்ற செயல். அந்தக் கோப்பு அந்நியர் கையில் அகப்பட்டால், நாங்கள் உழைத்துத் தேடிய வழிகளை அவர்களுக்கு நாங்களே கொடுத்ததாகிவிடும். குறியாக்கம் செய்த வட்டில் வைத்து, அறிக்கை ஒப்படைக்கப்பட்டதும் அழித்து, அழித்ததையும் எழுதி வைக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஆவணத்தை முதற்பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டாம். நிறுவும் பக்கத்தை முடித்து, ஷார்ப்ஹவுண்டின் சேகரிப்பு முறைகள் பற்றிய பக்கத்தை மட்டும் நிதானமாக வாசித்துவிட்டு, தரவை ஏற்றிய பின்னர், டொமைன் அட்மின்ஸில் யார் யார் இருக்கிறார்கள் என்ற தேடலையும், டொமைனின் கடவுச்சொல் தரவுகளை நகலெடுக்க விடும் டிசிசிங்க் உரிமை யாருக்கு இருக்கிறது என்ற தேடலையும், சாதாரணப் பயனர்கள் எல்லோரும் அடங்கும் டொமைன் யூசர்ஸ் குழுவிலிருந்து முக்கிய இலக்குகளுக்குப் போகும் வழிகள் என்ற தேடலையும் இயக்குங்கள். எங்கள் பகுதி அலுவலகங்களில் இந்த மூன்றுமே முதற்சுற்றுக்குப் போதுமான வேலையைத் தந்துவிடும். வரும் ஒவ்வொரு பெயரையும் அலுவலகத்தின் சம்பளப் பட்டியலுடன் ஒப்பிட்டு, அதில் இல்லாத பெயர்களை உடனே அழிக்காமல் முதலில் முடக்குங்கள். ஒரு மாதச் சம்பளக் கணக்கும் ஒரு காலாண்டு அறிக்கையும் தடையின்றி முடிந்த பின்னர் அந்தக் கணக்குகளை நீக்கலாம்.